பிரசவ வலி எடுத்ததும் கையில் இருக்க வேண்டிய காகிதம்

கேள்வி: எனக்கு வயது 27. முதல் பிரசவம். 37-ஆவது வாரம் நடக்கிறது. கணவருக்குப் புதுச்சேரியில் வேலை என்பதால் அங்கேயே ஒரு தனியார் மருத்துவமனையில் மாதாமாதம் காட்டி வந்தேன். வளைகாப்பு முடிந்து இப்போது நெல்லிக்குப்பத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். கடலூரில் பிரசவம் பார்ப்பதாக ஏற்பாடு. அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா, "கடைசி மாதத்தில் குச்சி வைத்து ஒரு பரிசோதனை எடுப்பார்களே, எடுத்தார்களா?" என்று கேட்டார். போன வாரம் புதுச்சேரி டாக்டரிடம் கேட்டேன், எடுத்தார். மூன்று நாள் கழித்து வந்த ரிப்போர்ட்டில் 'குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வளர்ந்திருக்கிறது' என்று போட்டிருக்கிறது. "இப்போது ஒன்றும் வேண்டாம், வலி வரும்போது ஊசி போட்டுக்கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மருந்துக்கடைக்காரர் ஐந்து நாள் மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்கிறார். மாமியார், "இது எங்கிருந்து வந்தது?" என்று ஒரு மாதிரியாகக் கேட்கிறார். கணவரிடம் பேசவே கூச்சமாக இருக்கிறது. இது கெட்ட நோயா? குழந்தையைப் பாதிக்குமா? சிசேரியன் செய்ய வேண்டுமா? தாய்ப்பால் கொடுக்கலாமா? சிறுவயதில் பென்சிலின் ஊசி போட்டபோது எனக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது என்று அம்மா சொல்கிறார். அதுவும் பயமாக இருக்கிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மாமியார் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று கடிதத்தைப் படித்தபோது தோன்றியது.

இந்தக் கிருமி உங்கள் குடலிலிருந்து வந்தது. வேறெங்கிருந்தும் வரவில்லை. ஆண், பெண் என்ற பேதமில்லாமல் ஏராளமானோரின் குடலில் இது குடியிருக்கிறது. பெண்களுக்கு ஆசனவாயும் பிறப்புறுப்பும் அருகருகே இருப்பதால் அங்கிருந்து இங்கே பரவுகிறது. உலக அளவில் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் இது இருக்கிறது. நம் நாட்டில் அதைவிடச் சற்றுக் குறைவு. இதைப் பால்வினை நோய் என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். உங்கள் கணவர் பரிசோதனை செய்துகொள்ளவோ மருந்து சாப்பிடவோ தேவையில்லை. நீங்கள் சுத்தக்குறைவாக இருந்ததால் வந்ததும் அல்ல. தயவுசெய்து கிருமிநாசினி கலந்த தண்ணீரால் உள்ளே கழுவாதீர்கள். அப்படிக் கழுவினால் அங்கே நமக்குக் காவலாக இருக்கும் நல்ல கிருமிகள்தான் முதலில் சாகும்.

உங்களுக்கு நோயும் இல்லை. காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை, அரிப்பு இல்லை. கிருமி குடியிருப்பது வேறு, நோய் வருவது வேறு. இந்த வித்தியாசத்தைக் கணவருக்கும் மாமியாருக்கும் இதே சொற்களில் எடுத்துச் சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்தப் பதிலையே படிக்கக் கொடுங்கள்.

பெயரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெயரைக் கேட்டே பலர் மிரண்டுவிடுகிறார்கள். குரூப் பி என்பதற்கும் ரத்தவகைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. "எனக்கு ஓ பாசிட்டிவ்தானே, இது எப்படி பி என்று வந்தது?" என்று கேட்டவர்கள் உண்டு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குடும்பத்துக் கிருமிகளை 1930-களில் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு என்ற அமெரிக்க ஆய்வாளர் ஏ, பி, சி என்று வகை பிரித்தார். தொண்டை அழற்சியைக் கொண்டுவருவது ஏ வகை. உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது பி வகை. இதன் இன்னொரு பெயர் அகலாக்டியே, அதாவது 'பாலில்லாமை'. மனிதர்களிடம் இது அறியப்படுவதற்கு முன்பே பசுக்களின் மடிநோய்க்குக் காரணமாக அறியப்பட்டது. மாடு வளர்க்கும் வீட்டாருக்கு மடி கல்லாகிப் பால் வற்றுவது தெரியும், அந்த வேதனைதான் இதற்குப் பெயரானது. உங்களுக்குப் பால் சுரக்காது என்று அதற்குப் பொருள் கொண்டுவிடாதீர்கள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே கொடுக்க வேண்டும்.

இனி குழந்தையைப் பற்றி. கிருமி உள்ள தாய்க்குச் சுகப்பிரசவம் ஆகும்போது, வரும் வழியில் குழந்தையின் தோலிலும் வாயிலும் மூக்கிலும் அது ஒட்டிக்கொள்கிறது. மருந்து எதுவும் கொடுக்காவிட்டால், ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்கு இப்படி ஒட்டும். ஒட்டிய பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. கிருமி உள்ள 100 தாய்மார்களை எடுத்துக்கொண்டால், மருந்து இல்லாமலேயே 98 அல்லது 99 குழந்தைகள் நன்றாகவே இருக்கும். மீதி ஒன்று அல்லது இரண்டு குழந்தைகளுக்குத்தான் ரத்தத்திலும் நுரையீரலிலும் சில சமயம் மூளை உறையிலும் தொற்று ஏற்படுகிறது. அது வந்தால் வேகமாக வரும், பெரும்பாலும் பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே.

நான் மருத்துவ மேற்படிப்பு படித்த காலத்தில் பார்த்த ஒரு குழந்தையை இன்றுவரை மறக்கவில்லை. அதிகாலை மூன்று மணிக்கு வலியோடு வந்த தாய்க்கு முக்கால் மணி நேரத்தில் பிரசவம் ஆனது. மூன்று கிலோ, நல்ல அழுகை, நல்ல நிறம். எட்டு மணிக்கு நான் வார்டுக்குப் போனபோது பாட்டி, "பிள்ளை கனவு கண்டு முனகுகிறது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். குனிந்து கேட்டேன். ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் 'ங்... ங்...' என்று ஓர் ஓசை. மூக்கின் இரண்டு பக்கமும் விரிந்து சுருங்கியது, விலா எலும்புக்குக் கீழே வயிறு குழிந்தது. அது கனவு அல்ல, மூச்சுக்குப் போராடும் ஓசை. இரண்டு நாள் கழித்து ரத்தக் கல்ச்சரில், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனையில், இதே கிருமி வளர்ந்தது. அந்தத் தாயின் துணிப்பையில் சேலை மடிப்புகளுக்கிடையே, ஐந்தாம் மாதத்தில் வேறொரு மருத்துவமனையில் எடுத்த சிறுநீர்ப் பரிசோதனைக் காகிதம் இருந்தது. அதில் இதே கிருமியின் பெயர் தெளிவாக எழுதியிருந்தது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தெரியவில்லை. 14 நாள் நரம்பு வழி மருந்து கொடுத்த பிறகு குழந்தை பிழைத்து வீடு போனது.

உங்களுக்கு நான் இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு அந்தக் காகிதம்தான் காரணம். உங்கள் ரிப்போர்ட்டுக்கு இன்றைக்கு எந்த வேலையும் இல்லை. அதன் வேலையெல்லாம் வலி எடுத்த நேரத்தில், பிரசவ அறையின் வாசலில் இருக்கிறது.

மருந்துக்கடைக்காரர் சொன்ன மாத்திரை ஏன் வேண்டாம் என்று கேட்கிறீர்கள். உங்கள் ஊர் கரும்புக்குப் பேர்போனது, அதனால் சட்டென்று விளங்கும். கரும்பைத் தரையோடு வெட்டினாலும் கட்டை மண்ணுக்குள் இருக்கிறது, சில வாரங்களில் மறுதாம்பு துளிர்த்துவிடுகிறது. இந்தக் கிருமிக்குக் கட்டை குடலில் இருக்கிறது. இப்போது மாத்திரை சாப்பிட்டால் பிறப்புறுப்பில் உள்ளவை கொஞ்ச நாளைக்கு மறையும், பிரசவ நாளுக்குள் மறுபடி வந்துவிடும். இடையில் வயிற்றுப்போக்கும் மருந்துக்கு மசியாத கிருமிகளும்தான் மிச்சம். உங்கள் டாக்டர் மாத்திரை எழுதாமல் அனுப்பியது அலட்சியத்தால் அல்ல, அதுதான் சரியான சிகிச்சை. அந்தக் காரணத்தை உட்கார்ந்து இரண்டு நிமிடம் விளக்கியிருந்தால் உங்களுக்கு இந்தக் கலக்கமே வந்திருக்காது என்ற வருத்தம் எனக்கு உண்டு.

வலி தொடங்கியதும் கொடுக்கும் மருந்து பென்சிலின் அல்லது ஆம்பிசிலின். பென்சிலின் என்றால் முதலில் 50 லட்சம் யூனிட், பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 25 முதல் 30 லட்சம் யூனிட், குழந்தை பிறக்கும்வரை. ஆம்பிசிலின் என்றால் முதலில் 2 கிராம், பிறகு நான்கு மணிக்கொரு முறை 1 கிராம். நரம்பு வழியாகத்தான் ஏற்ற வேண்டும். உங்கள் ரத்தத்தில் கலந்து, தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய், பனிக்குட நீரிலும் சேர வேண்டும். குழந்தை பிறப்பதற்குக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்பாவது முதல் ஊசி போட்டிருந்தால் முழுப் பலன் கிடைக்கும். அதற்குக் குறைவான நேரமே இருந்தாலும் போடாமல் விடக் கூடாது, ஓரளவு பலன் உண்டு. அமெரிக்காவில் 1990-களின் தொடக்கத்தில் ஆயிரம் பிறப்புகளுக்கு 1.8 குழந்தைகளுக்கு முதல் வாரத் தொற்று வந்துகொண்டிருந்தது. இந்தப் பரிசோதனையும் ஊசியும் வழக்கத்துக்கு வந்தபின் 2015-இல் அது 0.23 ஆகக் குறைந்தது. உங்கள் அக்கா அவ்வளவு அக்கறையாகக் கேட்டதற்கு இதுதான் பின்னணி.

ஆக, உங்களுக்கு வேண்டியது அந்த நான்கு மணி நேரம். முதல் பிரசவம் என்பதால் வலி தொடங்கிக் குழந்தை பிறக்கப் பெரும்பாலும் பல மணி நேரம் ஆகும், அது உங்களுக்குச் சாதகம். ஆனால் "முதல் வலிதானே, விடியட்டும், கஷாயம் குடித்துப் பார்க்கலாம்" என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம். வலி சீரான இடைவெளியில் வரத் தொடங்கியதும் புறப்படுங்கள். பனிக்குடம் உடைந்து நீர் கசிந்தால் வலிக்காகக் கூடக் காத்திருக்கக் கூடாது. நீர் உடைந்தபின் நேரம் போகப் போகக் கிருமி மேலேறுவதற்கான வழி திறந்தே கிடக்கிறது. நெல்லிக்குப்பத்திலிருந்து கடலூர் சுமார் 12 கிலோமீட்டர்தான். இருந்தாலும் இரவு இரண்டு மணிக்கு வண்டி யாருடையது, ஓட்டுபவர் யார் என்பதை இன்றே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி இல்லையென்றால் 108.

அடுத்தது காகிதம். உங்கள் ரிப்போர்ட் புதுச்சேரி மருத்துவமனையின் கணினியில் இருக்கிறது. கடலூரில் உங்களைச் சேர்க்கும் செவிலியருக்கு அது தெரிய வழியே இல்லை. நம் பக்கத்தில் இது அன்றாடப் பிரச்சினை. செக்கப் யூனியன் பிரதேசத்தில், பிரசவம் தமிழ்நாட்டில். அல்லது விழுப்புரத்திலும் கடலூரிலும் காட்டிவிட்டு, கடைசியில் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு ஓடுவது. பெண்கள் கையில் பிடித்துக்கொண்டு போகும் பை ஒன்றுதான் இந்த மருத்துவமனைகளுக்கு இடையே உள்ள பாலம். ரிப்போர்ட்டை மூன்று நகல் எடுங்கள். ஒன்றைத் தாய்சேய் நல அட்டையின் முதல் பக்கத்திலேயே ஒட்டுங்கள். ஒன்றை இந்த வாரமே கடலூர் மருத்துவரிடம் நேரில் கொடுத்து, உங்கள் சீட்டில் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று கூட வரப்போகும் அம்மாவிடம் இருக்கட்டும். வலியின் நடுவே உங்களுக்குப் பேச வராது. ஆகவே அம்மாவுக்கு ஒரு வாக்கியம் மட்டும் சொல்லிக்கொடுங்கள்: "குரூப் பி ஸ்ட்ரெப் இருக்கிறது, வந்தவுடன் ஊசி போடச் சொன்னார்கள்." சேர்க்கும்போது ஒருமுறை, பிரசவ அறைக்குள் போகும்போது ஒருமுறை, பணி மாறும் நேரத்தில் மறுமுறை சொல்ல வேண்டும். தொந்தரவு செய்கிறோமோ என்று நினைக்க வேண்டாம். எனக்குச் சொன்ன ஒரு பாட்டியைக்கூட நான் தொந்தரவாக நினைத்ததில்லை.

சிசேரியன் இந்தக் கிருமிக்காகத் தேவையில்லை. வேறு காரணத்துக்காக முன்கூட்டியே நாள் குறித்து, வலியும் வராமல் பனிக்குடமும் உடையாமல் செய்தால், இந்தக் கிருமிக்கென்று தனியாக ஊசி போட வேண்டிய அவசியமும் இல்லை. அறுவைக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்தே போதும்.

குழந்தை பிறந்தபின் ஒன்றிரண்டு நாள் மூச்சையும் பால் குடிப்பதையும் உடல் சூட்டையும் கவனிப்பார்கள். அதற்குள் வீட்டுக்குப் போக அவசரப்படாதீர்கள். இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: இந்த ஊசி முதல் வாரத் தொற்றைத்தான் தடுக்கிறது. ஏழாம் நாளுக்குப் பிறகு மூன்று மாதம்வரை எப்போதாவது வரும் தொற்றை அது தடுப்பதில்லை. அது அரிதானதுதான். ஆனாலும் குழந்தை பால் குடிக்க எழாமல் துவண்டு கிடந்தால், காய்ச்சல் அடித்தால் அல்லது உடல் சில்லிட்டால், நான் சொன்ன அந்த 'ங்...' ஓசை கேட்டால், திருஷ்டி கழித்துப் பார்ப்போம் என்று ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. குழந்தையைத் தூக்குபவர் யாராக இருந்தாலும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தூக்கட்டும். பெரியவர்கள் ஆசையாகச் சேனை வைக்கக் கேட்பார்கள். விரலில் தொட்டு வைக்கும் தேனும் சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம் என்று சொல்ல உங்களால் முடியாவிட்டால், "டாக்டர் திட்டுவார்" என்று என்மேல் பழியைப் போடுங்கள்.

இதைப் படிக்கும் மற்ற கர்ப்பிணிகள், "எனக்கு இந்தப் பரிசோதனையே எடுக்கவில்லையே" என்று கலங்கக்கூடும். அவர்களுக்காகவும் கொஞ்சம் சொல்கிறேன். அமெரிக்காவில் 2002 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதை எடுக்கச் சொல்கிறார்கள். இப்போது அங்கே 36, 37-ஆவது வாரங்களில் எடுக்கிறார்கள். பிரிட்டனில் எல்லோருக்கும் எடுப்பதில்லை. நம் நாட்டிலும் வழக்கமாக எடுப்பதில்லை. இங்கே பிறந்த குழந்தைகளைத் தாக்கும் தொற்றுகளில் க்ளெப்சியெல்லா, ஈ.கோலை, அசினெட்டோபாக்டர் போன்ற கிருமிகளின் பங்குதான் அதிகம் என்பது அதற்கு ஒரு காரணம். பரிசோதனை எடுக்காதவர்களைக் கைவிட்டுவிடுவதும் இல்லை. 37 வாரத்துக்கு முன்பே வலி வந்தால், பனிக்குடம் உடைந்து 18 மணி நேரம் கடந்தால், பிரசவ வலியின்போது 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி காய்ச்சல் இருந்தால், முந்தைய குழந்தைக்கு இந்தத் தொற்று வந்திருந்தால், பரிசோதனை இல்லாமலேயே ஊசி போடுவார்கள்.

விரும்பி எடுத்துக்கொள்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பிறப்புறுப்பின் கீழ்ப்பகுதியில் ஒருமுறை, அதே குச்சியால் ஆசனவாய்க்குள் சற்றே நுழைத்து ஒருமுறை எடுக்க வேண்டும். சில நொடி வேலை, கருவி எதுவும் வைக்கத் தேவையில்லை. வெள்ளைப்படுதலுக்காகக் கருவி வைத்து உள்ளே ஆழத்திலிருந்து எடுக்கும் ஸ்வாப் (குச்சிப் பரிசோதனை) இதற்கு ஈடாகாது, பல பேருக்குக் கிருமி இருந்தும் இல்லையென்று காட்டிவிடும். ரிப்போர்ட் ஐந்து வாரம்வரைதான் செல்லும்.

அதைவிட நான் வலியுறுத்த விரும்புவது எளிய பரிசோதனை ஒன்றை: சிறுநீர்க் கல்ச்சர். சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையோடு நின்றுவிடுகிறோம். கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களிலேயே ஒருமுறை கல்ச்சர் பார்த்துவிட வேண்டும். சிலருக்கு எரிச்சலோ கடுப்போ எதுவும் இல்லாமலேயே சிறுநீரில் கிருமி வளர்ந்திருக்கும், பெரும்பாலும் ஈ.கோலை. சிகிச்சை இல்லாமல் விட்டால் அவர்களில் நான்கில் ஒருவருக்குச் சிறுநீரகம்வரை ஏறிக் குளிர்க்காய்ச்சலாக வெடிக்கும், குறைப்பிரசவத்திலும் கொண்டுபோய் விடக்கூடும். இதற்கு உடனே மாத்திரை சாப்பிட வேண்டும், உங்கள் ஸ்வாப் விஷயத்தைப் போலக் காத்திருக்கக் கூடாது. முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுங்கள். அதில் குரூப் பி வளர்ந்தால், பிறகு ஸ்வாப் எடுக்க வேண்டிய தேவையே இல்லை. பிரசவ வலியின்போது ஊசி நிச்சயம்.

இப்போது நீங்கள் கடைசியில் எழுதிய, ஆனால் எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயம்: பென்சிலின் ஒவ்வாமை. புதுச்சேரி டாக்டரிடம் இதைச் சொன்னதாக உங்கள் கடிதத்தில் இல்லை. சொல்லவில்லையென்றால் உடனே சொல்லுங்கள், கடலூரிலும் சொல்லுங்கள். அம்மாவை உட்கார வைத்து நிதானமாகக் கேளுங்கள். ஊசி போட்டு எவ்வளவு நேரத்தில் தடித்தது? அரை மணி நேரத்திலா, இரண்டு மூன்று நாள் கழித்தா? உதடும் கண்ணும் வீங்கினவா? மூச்சு இரைத்ததா? மயக்கம் வந்ததா? ஊசியின் பெயர் பென்சிலின்தான் என்று எப்படித் தெரியும்? பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று சிறுவயதில் முத்திரை குத்தப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு உண்மையில் ஒவ்வாமை இருப்பதில்லை. ஆனால் அதை நீங்களோ நானோ ஊகித்து முடிவு செய்துவிட முடியாது, உங்களை நேரில் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். தாமதமாக வந்த லேசான தடிப்பு மட்டும் என்றால் செஃபசோலின் என்ற ஊசியைப் பாதுகாப்பாகப் போடலாம். உடனடியாகத் தடித்திருந்தாலோ, மூச்சுத்திணறலோ வீக்கமோ வந்திருந்தாலோ கிளிண்டமைசின் கொடுக்கலாம். ஆனால் உங்கள் கிருமி அதற்கு மசியும் என்று தெரிந்திருக்க வேண்டும். மசியாது என்றால் வான்கோமைசின்.

மசியுமா மசியாதா என்பது ஆய்வகத்தில் உங்கள் கிருமியை வளர்த்த தட்டில்தான் தெரியும். ஆய்வகங்கள் தட்டைச் சில நாள்கள்தான் வைத்திருக்கும், பிறகு அழித்துவிடும். எனவே நாளைக் காலை ஆய்வகம் திறந்ததும் புதுச்சேரிக்குப் போன் செய்து, ரிப்போர்ட்டில் உள்ள எண்ணைச் சொல்லி, "எனக்குப் பென்சிலின் ஒவ்வாமை இருக்கலாம், கிளிண்டமைசினுக்குச் சோதித்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். தட்டு போயிருந்தால் மறுபடி ஒரு ஸ்வாப், இம்முறை கடலூரிலேயே, விண்ணப்பச் சீட்டில் ஒவ்வாமையை எழுதச் சொல்லி. முடிவு வர மூன்று நாளாகும். உங்களுக்கு 37 வாரம் ஆகிவிட்டது, நாளை மறுநாள் என்று தள்ளாதீர்கள்.